செம்பாவை இட்டேரியில் நிறுத்தி வைத்தது நான்தான்

கண்ணு, இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். வேலை முடிந்து காந்திபுரத்து அறைக்கு வந்து, படுத்தபடியே படித்துவிட்டு, வழக்கம்போல் ‘சரிங்கம்மா’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டிருப்பாய். விஷயம் அதோடு முடிந்துபோயிருக்கும். அப்படி முடியக் கூடாது என்றுதான் நம் குடும்ப குரூப்பிலேயே போடுகிறேன். செம்பாவுக்குச் சுழி சரியில்லை என்றும் உனக்குக் குதிரை பார்க்கத் தெரியவில்லை என்றும் பேச்சுப் பரவியது இங்கேதான். திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிற நம் உறவுக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பேச்சு மட்டும்தான் வந்து சேர்ந்தது, நடந்தது வந்து சேரவில்லை. அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்லும்போது பொறுத்துக்கொள். எழுத உட்கார்ந்ததிலிருந்து என் முகம் சூடாகவே இருக்கிறது.

சரவணம்பட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நீ குதிரையேற்றம் கற்கப் போனாய். முதலில் அதை ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்தேன். ஒருநாள் நீ அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்னூர்த் தோட்டத்தில் எதுவும் விளையாமல் கிடக்கிற கொறங்காட்டில் ரெண்டு குதிரை கட்டி, சின்னப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித் தரலாம் என்று இருக்கிறேன் என்றாய். அப்பா சிரித்தார். “மாடு கட்டுனா பாலு, ஆடு கட்டுனா குட்டி. குதிரை கட்டுனா என்றா கண்ணு வரும்?” நீ கொஞ்சமும் அசராமல், “புள்ளைங்க வருங்கப்பா” என்றாய். நீ எதையாவது வேண்டும் என்று எங்களிடம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று இப்போது தோன்றுகிறது. படிப்பையும் கல்லூரியையும் நாங்கள்தான் தேர்ந்தெடுத்தோம். நிவேதாவின் ஜாதகத்தைக்கூட நாங்கள் நீட்டினோம், நீ வாங்கிப் பார்த்தாய். குதிரை ஒன்றைத்தான் நீயாகக் கேட்டாய்.

அந்தியூர்ச் சந்தை ஆடியில்தான் கூடும். ஆவணியில் உன் கல்யாணம். அதற்கு முன் குதிரைகள் வந்து பழகிவிட்டால் நல்லது என்றாய். உன் பெரிய அத்தைக்கு இது பிடிக்கவில்லை. அப்பாவின் அக்கா, பக்கத்துத் தோட்டம், நம் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முதலில் வந்து நிற்கிறவர். “ஆடியில ஒரு சீமாறு கூட வாங்கமாட்டோமே அம்மணி, நீங்க குதிரை வாங்கறீங்களா?” என்று கேட்டார். “சந்தையே ஆடியிலதானுங்க கூடுது” என்றேன். “அப்ப அடுத்த ஆடிக்கு வாங்குங்க” என்றார். நீ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாய். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்: ஆடி விஷயத்தில் அவர் பேச்சைத் தாண்டியாகிவிட்டது, வேறு ஏதாவது ஒன்றில் அவர் சொல்வதைக் கேட்டுவிட வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இந்தக் குடும்பத்தில் நான் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறேன். ஒன்றில் மீறினால் இன்னொன்றில் பணிந்துவிடுவேன். அதை நான் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

சந்தைக்கு நீ என்னையும் கூப்பிட்டாய். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் அதுவரை அந்தியூர்ச் சந்தையைப் பார்த்ததில்லை. மைதானம் முழுக்கக் குதிரைகள், சாணி வாசம், கரும்புச்சாற்று இயந்திரத்தின் சத்தம், மணிகள் கோத்த கயிறுகள் விற்கிற கடைகள். நீ எந்தக் குதிரையின் பல்லையும் முதலில் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் அருகிலும் போய்ச் சும்மா நின்றாய். செந்நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை, உன்னைப் பார்த்துக் காதைப் பின்னால் மடக்கி, பிறகு முன்னால் கொண்டுவந்து, பிறகு தலையைத் தாழ்த்தி உன் சட்டைப் பொத்தானை மோந்தது. அதுதான் செம்பா. அந்த நேரம் பார்த்து அத்தை வீடியோ காலில் வந்தார். “கழுத்தைக் காட்டு கண்ணு, சுழி எங்க உழுந்திருக்குதுன்னு பார்க்கோணும்.” குதிரையின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களை வைத்து அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார்கள் இல்லையா, அதுதான். நீ போனைச் செம்பாவின் கழுத்துக்குக் கொண்டுபோனாய். செம்பா போனை நக்கியது. “ஏனுங், ஒரே செவப்பா இருக்குது, ஒண்ணும் தெரியலியே” என்றார் அத்தை. “அது நாக்குங்கத்தை” என்றாய். பக்கத்தில் நின்ற வியாபாரிகள் வெடித்துச் சிரித்தார்கள். லைன் கட்டாகிவிட்டது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சுழியை அத்தை அன்றைக்குப் பார்க்கவே இல்லை. இந்த குரூப்பில் இருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, வெள்ளை. வயதான, சாதுவான ஆண் குதிரை. குழந்தைகளை முதலில் இதில்தான் ஏற்றுவேன் என்றாய். ஆனால் வண்டியில் ஏறுவதற்கு அடம்பிடித்தது அந்தச் சாதுதான். குதிரையேற்றப் பள்ளியில் கேட்டு நீ வாங்கிவந்திருந்த டிரெய்லர் அது. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுப்பது, ரெண்டு குதிரைகள் பக்கம் பக்கமாக நிற்கும், நடுவே ஒரு தடுப்புக் கம்பி, பின்கதவைச் சாய்த்தால் அதுவே ஏறுவதற்குச் சரிவுப் பலகை. செம்பா மோந்து பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். வெள்ளை ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒருவர் சாட்டையைக்கூட நீட்டினார். நீ ஒரு பிடி புல்லோடு அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துகொண்டாய். “ஏனுங் தம்பி, பொண்ணழைப்புக்கு வந்தாப்பல உக்காந்துட்டீங்க, குதிரை இப்பிடி ஏறுமா?” என்றார் அவர். “ஏறுமுங்க. அதுக்கே வரோணும்னு தோணுனா ஏறுமுங்க” என்றாய். ஏறியது. நேரம் ஆயிற்று, ஆனால் ஏறியது. பின்கதவை மூடி, அதற்கு மேலே திறந்திருந்த பகுதிக்கு நீயே தார்ப்பாய் கட்டினாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகுகாலம். அதற்குள் வீடு வந்துவிடலாம் என்று அத்தையிடம் சொல்லியிருந்தேன். ஜீப்பை ஓட்டிய செல்வராஜ் பள்ளியின் டிரைவர், தங்கமானவர், பாட்டுப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தார். நீ பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் குதிரைகளையே பார்த்துக்கொண்டு வந்தாய். வேகத்தடை வரும்போதெல்லாம், “மெதுவாங்கண்ணா” என்றாய். திருப்பம் வரும்போதெல்லாம், “அதுகளுக்குப் பிடிச்சுக்கக் கையில்லீங்கண்ணா” என்றாய். கோபி தாண்டி வாழைத்தோட்டத்து நிழலில் நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த வாளியில் தண்ணீர் காட்டினாய். வெள்ளை குடித்தது, செம்பா வாயை நனைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்றாய். “வீட்டுல போயிக் குடிச்சுக்கும் கண்ணு, நேரமாச்சு” என்றேன். சரிங்கம்மா என்றாய்.

புளியம்பட்டியில் அன்று வாரச் சந்தை. மாடு ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்து நின்றன. அங்கே நகர்ந்து நகர்ந்து வெளியே வருவதற்குள் அத்தையிடமிருந்து போன் மேல் போன். “எங்கீங்க அம்மணி வாரீங்க? ஆரத்தியெல்லாம் கரைச்சு வெச்சிருக்கறேன். ஒறம்பரையெல்லாம் வந்தாச்சு.” அக்கம்பக்கத்துச் சொந்தங்கள் எல்லாம் குதிரை பார்க்க வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நம் தோட்டத்துக்குத் திரும்புகிற இட்டேரிக்குள், ரெண்டு பக்கமும் வேலி வைத்த அந்த வண்டிப் பாதைக்குள், ஜீப் நுழையும்போது ராகுகாலம் தொடங்கிச் சில நிமிஷங்கள் ஆகியிருந்தன. வாசலில் எல்லோரும் நிற்பது தெரிந்தது. அத்தை கையை உயர்த்தி, நில்லுங்கள் என்று காட்டினார். செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான்தான், “நிறுத்துங்க தம்பி” என்றேன்.

இதை அத்தை செய்யவில்லை. அவர் கையைக் காட்டினார், அவ்வளவுதான். வண்டியை நிறுத்தச் சொன்ன வாய் என்னுடையது. இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்தவள் நான். ராகு என்று ஒரு கோளே கிடையாது, நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்கிற ஒரு புள்ளிதான் அது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தவள். ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இருந்து நிறுத்தியிருந்தால் அதில் ஒரு நேர்மையாவது இருந்திருக்கும். அத்தை நம்புகிறார், நம்பியபடி கையைக் காட்டினார். நான் எதையும் நம்பாமல், அங்கே நின்ற பத்துப் பேர் முகத்துக்காக, ரெண்டு உயிர்களைத் தகரப் பெட்டிக்குள் நிற்க வைத்தேன்.

நீ இறங்கி வந்தாய். “அம்மா, வாசலுக்குள்ள கொண்டுபோக வேண்டாமுங்க. இங்கயே இறக்கி வேலியில கட்டிக்கலாமுங்கம்மா. காலையில இருந்து நிக்குதுக.” எவ்வளவு பதமான யோசனை. யாருக்கும் குறையில்லாத யோசனை. அதற்குள் அத்தை நடந்து வந்துவிட்டார். “அதெப்பிடிங் கண்ணு? இந்த வேலியில இருந்தே நம்ம காடுதானே? மண்ணை மிதிச்சா மிதிச்சதுதான்.” நீ என் பக்கம் திரும்பினாய். “ஓடிட்டு இருந்தா ஒண்ணுமில்லீங்கம்மா. நின்னாத்தான் மிரளும். செம்பா தண்ணியும் குடிக்கல” என்றாய். நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். “நாலு ஞாயித்துக்கெழமை போயிட்டு வந்துட்டா பெரிய குதிரை வைத்தியனா நீ? பெரியவங்க நிக்கறப்ப வாயாடாதே.” செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் யாரோ சிரித்தார்கள். நீ, “சரிங்கம்மா” என்றாய். போய் டிரெய்லரின் பக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் செம்பாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

ஆடிக் காற்று. வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாக இருந்தது. நின்ற பிறகு ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக வந்தது. ஒரு வீச்சு காற்று, தார்ப்பாய் ஒரு அறை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி ஒரு அறை. உள்ளே குளம்புகள் தகரத்தில் தட்டும் ஓசை. நான் வாசலுக்குப் போய் மோர் குடித்தேன். ஆமாம், குடித்தேன். “உங்க பையன் குதிரையக் கட்டிக்கிட்டே நிக்கறான், கல்யாணம் அதுக்கா நிவேதாவுக்கா?” என்று யாரோ கேட்க, நானும் சிரித்தேன். அப்போதுதான் தார்ப்பாயின் ஒரு முனை பிய்த்துக்கொண்டு படபடவென்று செம்பாவின் முதுகில் அடித்தது. அவள் பின்வாங்கி உதைத்தாள். பின்கதவுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பின்னங்கால் போய் மாட்டிக்கொண்டது. அந்த அலறலை நான் எழுதப்போவதில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும்.

நீ முன்பக்கச் சின்னக் கதவு வழியாக உள்ளே போனாய். வேண்டாம் என்று நான் கத்தினேன், அதை மட்டும் நீ கேட்கவில்லை, நல்லவேளை. அவள் தலையை உன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்தாய். செல்வராஜும் அப்பாவும் பின்கதவை இஞ்ச் இஞ்சாக இறக்கினார்கள். கால் விடுபட்டது. முதலில் ஓடிவந்து தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காலைச் சுற்றிக் கட்டியவர் அத்தைதான். அதையும் சொல்ல வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. செம்பா இறங்கி வந்தாள், பின்னாலேயே வெள்ளையும். ராகுகாலம் முடியவில்லை. நம் மண்ணைச் செம்பா முதன்முதலாக மிதித்தது ரத்தக் காலோடுதான். ஆரத்தித் தட்டு வாசலில் அப்படியே இருந்தது.

எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறலாம், கடைசிவரை தாங்கித் தாங்கி நடக்கும்படியும் ஆகலாம் என்றார் கால்நடை டாக்டர். எப்படி ஆயிற்று என்று அவர் கேட்டபோது, “வண்டியில மிரண்டுருச்சுங்க” என்றேன். அப்பாவும் அதையே நம்பினார். நாம் வந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால், மாடு கட்டுகிற கட்டுத்தரையில் குதிரைகளுக்கு இடம் ஒழித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தார். வண்டி எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நீ கட்டுத்தரையில் உட்கார்ந்து, “நான்தாங்கம்மா தார்ப்பாயை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கோணும்” என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனேன். நீ அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, ராகுகாலம் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. நீ என்னைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அம்மா சொன்னதில் தப்பு இருக்கலாம் என்பதே உனக்குத் தோன்றவில்லை.

ரெண்டு நாள் கழித்து அத்தை இந்த குரூப்பில் ஒரு படம் போட்டார். செம்பாவின் கழுத்து. அதில் ஓரிடத்தில் சிவப்பு வட்டம். ‘ஆகாத சுழி. நான் அன்னைக்கே பார்த்தேன், சின்னவன் மனசு நோகுமேன்னு சொல்லலை. கல்யாணத்துக்குள்ள வெளியேத்தீரோணும்’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. அந்த வரிசையில் என்னுடைய கும்பிடும் இருக்கிறது. மேலே தள்ளிப் பார்த்தால் இப்போதும் தெரியும், அழிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. சுழி என்று ஆகிவிட்டால் நான் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? நீ உடனே எனக்குப் போன் செய்தாய். “அத்தை சொல்றது சரியா இருக்குமுங்களாம்மா? எனக்குத்தான் கைராசி இல்லை போல. செம்பாவைக் குடுத்துரலாமுங்க. வெள்ளையையும் பொறவு பார்த்துக் குடுத்துரலாம். நீங்களே அனுப்பிருங்க, நான் பார்க்க மாட்டேன்.” அன்றோடு ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கும் நீ போவதில்லை என்று நிவேதா சொன்னாள். காயம்பட்ட குதிரையை யார் வாங்குவார்கள்? கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடுகிற ஒருவருக்காகத் தரகர் கேட்டார். தார்ப்பாய்ச் சத்தத்துக்கே மிரண்டவளை வெடிச் சத்தத்துக்கு நடுவே நிறுத்துவார்கள். தெரிந்தும் தலையாட்டினேன்.

உன்னை இப்படி வளர்த்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். உனக்கு நாலோ ஐந்தோ வயது. பவானியில் ஒரு கல்யாணப் பந்தி. பெரியவர்கள் இலையை மூடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று உன்னிடம் சொல்லி உட்கார வைத்தேன். நீ என்னை ரெண்டு மூன்று தடவை பார்த்தாய், நான் கண்ணை உருட்டினேன். கடைசியில் எல்லோரும் எழுந்த பிறகு பார்த்தால் கால்சட்டை நனைந்து, இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாய். சுற்றி இருந்தவர்கள், “பையனுக்கு என்ன பணிவுங்க!” என்றார்கள். உன்னைக் கழுவி விடும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பல வருஷம் இதை ஒரு வேடிக்கைக் கதையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், நிவேதா வீட்டாரிடமும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நிவேதா மட்டும் சிரிக்கவில்லை, அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இத்தனைக்கும் நிறுத்தி வைக்கப்படுவது என்றால் என்ன என்று தெரியாதவள் இல்லை நான். இந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்த அன்று, இதே இட்டேரியில், எமகண்டம் முடியட்டும் என்று காரை நிறுத்தினார்கள். அந்தக் காரில் கண்ணாடி இறங்கவில்லை. பட்டுச் சேலையும் மாலையுமாகக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். “சித்த பொறுத்துக்க” என்றார் உன் அப்பா. பாவம், அவருக்கும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. யாராவது ஒருவர் வந்து கதவைத் திறந்து, இறங்கி நில்லம்மா என்று சொல்லமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசியில் மாலையிலேயே வாந்தி எடுத்தேன். என்னைக் கழுவிவிட்டவர்களுக்கு என் மேல்தான் கோபம். செம்பா உள்ளே நின்றபோது இது எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பார்த்துவிட்டேன். ஞாபகம் வந்திருந்தாலும், நான் பொறுத்தேனே, அதுவும் பொறுக்கட்டுமே என்றுதான் நினைத்திருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

கல்யாணம் ஆகப்போகிற பையனுக்கு அம்மா சொல்ல வேண்டிய புத்தி என்று நிறைய இருக்கும். என்னிடம் இருப்பது ஒன்றுதான். பெரியவர்கள் பேச்சைக் கேள் என்று நான்தான் உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். இனிமேல் கேட்பதற்கு முன்னால், அதன் வலி யார் உடம்பில் விழப்போகிறது என்று பார். சொல்கிறவர் உடம்பில் விழும் என்றால் கேள், உன் உடம்பில் என்றாலும் வேண்டுமானால் கேட்டுக்கொள். வாய் பேச முடியாத ஒன்றின் மேல், அல்லது பேச முடியாத இடத்தில் வந்து உட்காரப் போகிற ஒருத்தியின் மேல் விழும் என்றால், கதவைத் திறந்துவிடு. எதிரில் நான் நின்றாலும் என்னை நகர்த்திவிட்டுத் திற. அதனால் எனக்கு மரியாதை குறையாது. குறைந்தால்தான் என்ன?

இன்று காலை தரகர் வண்டியோடு வந்தார். செம்பா மூன்று காலில் ஊன்றி, நாலாவதை லேசாக வைத்து நின்றாள். பலகையைப் பார்த்ததுமே உடம்பெல்லாம் நடுங்கியது. கூட வந்த ஆள் குச்சியை எடுத்தான். “வேண்டாமுங்க, கீழ போடுங்க” என்றேன். “குச்சியில்லாம ஏறாதுங்கக்கா” என்றான். “ஏற வேண்டாம். போயிட்டு வாங்க” என்றேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏ அம்மணி, ஆகாத சுழியைக் கட்டுத்தரையில வெச்சுக்கிட்டு எப்பிடிக் கல்யாணம் பண்ணுவே?” நான் சொன்னேன், “சுழி இல்லீங்க. நாந்தான். நாந்தான் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.” “நேரங்காலம் பார்க்கறது தப்பா?” “உங்களுக்கு நம்பிக்கைங்க. எனக்கு அதுல நம்பிக்கையே இல்லீங்க. உங்ககிட்ட நல்ல பேரு வாங்கறதுக்குத்தான் நிறுத்துனேன்.” அத்தை முகம் சுருங்கிவிட்டது. “அப்ப நான் சொல்லித்தான் குதிரை கால் போச்சுங்கறயா?” “இல்லீங்க. பையன் சொன்னதைக் கேக்காம உட்டதாலதான் போச்சு.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். காப்பி வைத்திருந்தேன், ஆறிப்போனது. அவர் திரும்பி வருவாரா என்று தெரியவில்லை. அப்பா, “அப்ப என்கிட்ட மிரண்டுருச்சுன்னு சொன்னே?” என்றார். ஆமாங்க என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். அவரும் இன்னும் திரும்பவில்லை.

உன்னைக் கேட்காமல் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கொடுத்துவிடலாம் என்பது உன் முடிவு என்றால் அதை மறுபடி சொல், ஆனால் சுழிக்காகவோ கைராசிக்காகவோ சொல்லாதே. கால் ஆறாமல் போகலாம். பிள்ளைகளை ஏற்றவே முடியாமல் அவள் சும்மா நின்றுகொண்டே இருக்கலாம். அதற்கெல்லாம் நீ காரணம் இல்லை என்று தெரிந்துகொண்டு முடிவு செய்.

டாக்டர் சொன்னபடி காலில் தண்ணீர் பீய்ச்சிக் கட்டு மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. இதுவரை அப்பா செய்தார். இன்று நானே போனேன். குழாயைப் பார்த்ததும் காதைப் பின்னால் மடக்கினாள், நான் விலகிவிட்டேன். மறுபடி போனேன், மறுபடியும் அப்படித்தான். இதை எழுதி முடித்துவிட்டு இன்னொரு தடவை போகப் போகிறேன். தலைப்பக்கம் நிற்பதா, வயிற்றோடு ஒட்டி நிற்பதா, முதலில் கையை வைப்பதா, குரலைக் கொடுப்பதா, எனக்கு எதுவும் தெரியவில்லை. போன் பண்ணு. எங்கே நிற்க வேண்டும் என்று சொல். நீ சொல்கிற இடத்தில் நிற்கிறேன்.